கிருமியே இல்லாத பாட்டில்கள்

ஓய்வு பெற்ற பிறகு பழைய கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆயுத பூஜைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று லேப் பெண்கள் விடாமல் போன் செய்ததால் போனேன். குரோத் ரூமில், அதாவது கண்ணாடி பாட்டில்களுக்குள் வாழைக்கன்றுகள் வளரும் குளிர் அறையில், புதிதாக ஒரு கேமரா மாட்டியிருந்தார்கள். அடுக்கிலிருக்கும் பாட்டில்களை அது படம் பிடிக்கிறது. பூஞ்சையோ பாக்டீரியாவோ படர்ந்திருந்தால் திரையில் சிவப்பு, சுத்தமாக இருந்தால் பச்சை.

"இனிமே கண்ணு நோவ டார்ச் அடிச்சுப் பாக்க வேணாம்க்கா. பச்சை வந்துச்சுன்னா கண்ண மூடிக்கினு அனுப்பிடலாம்" என்றாள் ஒரு பெண்.

திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "அந்த வருஷம் இந்தக் கேமரா இருந்திருந்தாலும் அத்தனை பாட்டிலுக்கும் பச்சைதான்மா காட்டியிருக்கும்" என்றேன். எந்த வருஷம் என்று கேட்டார்கள். பொரியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். பாதியில் லோடு வண்டி வந்துவிட, எல்லோரும் கலைந்துபோனார்கள். அன்று விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு மணிமங்கலம். தாம்பரத்தில் தாவரவியல் படித்தேன். கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரகடத்தில் இந்த வேலை கிடைத்தது. சுற்றிலும் கார் கம்பெனி, டயர் கம்பெனி, போன் கம்பெனி. நடுவில் வாழைக்கன்று செய்கிற கம்பெனி. ஷேர் ஆட்டோவில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கும். "கன்னு வெக்க ஏசி ரூமா?" என்று சிரிப்பார்கள்.

முதலில் பாட்டில் கழுவினேன். பிறகு மீடியா காய்ச்சினேன். சர்க்கரையும் உப்புகளும் கடற்பாசிப் பொடியும் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுகிற, செடிக்கான கஞ்சி அது. அதைப் பாட்டில்களில் ஊற்றி, ஆட்டோகிளேவ் என்கிற ராட்சத பிரஷர் குக்கரில் வைத்து அவிப்போம். ஒரு உயிர்கூட அதில் மிஞ்சாது. பிறகு, வடிகட்டிய காற்று வீசும் மேசையில் உட்கார்ந்து, நெருப்பில் காட்டிய கத்தியால் வாழைக் குருத்தை வெட்டி அந்தக் கஞ்சியில் நடுவோம். ஒன்று பலவாகும். போதுமான அளவு பெருகியதும் வேறொரு மீடியாவுக்கு மாற்றுவோம். அதில்தான் வேர் விடும். வேர்விட்ட கன்று நிழல்வலைக்குப் போகும், அங்கிருந்து விவசாயிக்கு. என் வேலைக்காலம் முழுவதும் இவ்வளவுதான். கிருமி உள்ளே வந்தால் பாட்டில் நாறும், கலங்கும், பஞ்சுபோல் பூக்கும். வராவிட்டால் செடி நன்றாக இருக்கும். இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக மரகதம் மேடம் வந்தபோது நான் சூப்பர்வைசர் ஆகியிருந்தேன். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஒல்லியாக, எப்போதும் காட்டன் புடவையில் இருப்பார். கூட்டிப் பெருக்குகிறவர் முதல் எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் தாழும். பக்கத்தில் போய் நின்றால்தான் திட்டுகிறார் என்பதே கேட்கும். ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தால் முதலில் அடியைப் பார்ப்பார், பிறகு மூடியை, கடைசியில்தான் செடியை. "செடி அழகா இருந்தா நம்ம கண்ணு அதுலயே நின்னுரும். அதனால அத கடைசில பாக்கணும்" என்பார். எந்தச் சோதனை செய்தாலும் பக்கத்திலேயே ஒன்றும் செய்யாத ஒரு வரிசையை வைக்கச் சொல்வார். அந்த வரிசை இல்லாமல் முடிவைக் கொண்டுபோனால் வாங்கிப் பார்க்கவே மாட்டார். அப்படியே மேசையில் கிடக்கும்.

ஆர்டர் பெருகியதும் பின்பக்கம் புதுக் கட்டடம் கட்டினார்கள். வேர்விடும் வேலை முழுவதும் அங்கே போனது. அதற்கென்று தனி மீடியா அறை, மாடியில் தனித் தண்ணீர்த் தொட்டி. அங்கே மீடியா காய்ச்சவும் நடவும் ஸ்டெல்லாவை அனுப்பினேன். வடக்குப்பட்டுக்காரி. எங்களில் அவள் கைதான் சுத்தம். அவள் நட்ட பாட்டில் கெட்டுப்போவது அபூர்வம். கூட இருந்த இன்னொரு பெண் பிரசவ விடுப்பில் போனதால், கொஞ்ச காலமாக வேர்விடும் பாட்டில் எல்லாவற்றிலும் ஸ்டெல்லாவின் அடையாள எண்தான் இருந்தது.

ஸ்டெல்லா வாய் உள்ளவள். கம்பெனி பஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகிறது, மழையில் பெண்கள் நடக்க முடியவில்லை, ஊருக்குள் வர வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து ஜி.எம்.மிடம் நேராகவே கேட்டாள். அவர் கார் உதிரிபாகக் கம்பெனியிலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் கேள்வி கேட்கிறவர்களின் முகத்தை மறக்க மாட்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் இது.

ஒருநாள் காலை ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, கொஞ்சம் வந்து பாரேன். எதுவும் வேரே வுடல."

போய்ப் பார்த்தேன். இந்நேரம் வெள்ளை நூல்போல வேர் அடியைத் தொட்டிருக்க வேண்டும். கன்றுகள் நட்டபடியே நின்றன. சிலதில் வேர் முளைவிட்டு, நுனி பழுப்பாகி நின்றுபோயிருந்தது. இலைகள் சிறுத்திருந்தன. மீடியாவோ கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு என்று பார்த்துக்கொண்டே போனேன். அறை முழுவதும் அப்படித்தான். ஒரு பாட்டிலில் கூடப் பூஞ்சை இல்லை, கலங்கல் இல்லை, நாற்றம் இல்லை. எல்லாம் கெட்டுப்போயிருந்தது.

மீடியாவைத் தொட்டு, கிருமி இருந்தால் வளர்த்துக் காட்டும் சோதனைத் தட்டுகளில் தேய்த்துக் காத்திருந்தோம். எதுவும் வளரவில்லை. உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

அதை வாசித்ததும் ஜி.எம். சொன்னதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "கிருமி இல்ல. அப்ப யாரோ எதையோ கலந்திருக்காங்க. எல்லா பாட்டில்லயும் ஒரே ஆளோட நம்பர்தானே இருக்கு?"

"சார், அந்த ரூம்ல வேலை செய்யறதே அவ ஒருத்திதான். வேற நம்பர் எப்படி இருக்கும்?" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

அன்று ஷிப்ட் முடிந்து எல்லோரும் கேட்டில் வரிசையில் நின்றபோது ஸ்டெல்லாவை மட்டும் தனியாக அழைத்தார்கள். பஸ்கள் புறப்பட நின்றுகொண்டிருந்தன. எல்லோரும் பார்க்க அவள் பையை மேசைமேல் கவிழ்த்தார்கள். சாப்பாட்டு டப்பா, துப்பட்டா, மாத்திரை அட்டை, பைபிள், லேபிள் இல்லாத ஒரு சின்ன பாட்டில். செக்யூரிட்டி அதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"இது இன்னா?"

"ஜெப எண்ணெய் சார். எங்க பாஸ்டர் குடுத்தாரு. புள்ளைக்கு ஜுரம்."

"லேபுக்குள்ள எதுக்கு எடுத்துகினு போற?"

"லேபுக்குள்ள எடுத்துகினு போவல சார். பையில வெச்சிருந்தேன். பை வெளியதானே கீது, லாக்கர்ல. நான் எதுவும் கலக்கல சார்."

நான் ஓடிப்போய், அவளுக்கு நான் பொறுப்பு என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஸ்டெல்லா அழவில்லை. சிதறிக் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தாள். மாத்திரை அட்டை கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க முடியாத அளவுக்கு அவள் கை நடுங்கியது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மீடியாவையும் நானே காய்ச்சி, அவள் மேசையில் உட்கார்ந்து நட்டேன். பழைய கட்டடத்திலிருந்து வந்த நல்ல கன்றுகள். ஒருவரையும் பக்கத்தில் விடவில்லை. வேர்விட வேண்டிய நாள் வந்தது. பாட்டிலைத் தூக்கினேன். வேர் இல்லை. நுனி பழுப்பு.

ஸ்டெல்லா வடக்குப்பட்டில் இருக்கிறாள். இங்கே என் கையிலும் வேர் நின்றுபோயிருக்கிறது. நிம்மதி ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒரு பக்கம். இந்த அறையில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது.

ஜி.எம். விடவில்லை. முன்பே பொடிகளில் எதையாவது கலந்திருப்பாள் என்றார். பொடி, சர்க்கரை எல்லாவற்றையும் புதிதாகத் திறந்தோம். அப்போதும் வேர் இல்லை. அப்போதுதான் மரகதம் மேடம் என்னை அழைத்தார்.

"எல்லாத்தையும் மாத்திட்டீங்க. தண்ணிய மாத்தினீங்களா?"

மாற்றவில்லை. வடிகட்டிய தண்ணீர், போதாததற்கு அவிக்கவும் செய்கிறோம். யாருக்கும் அது தோன்றவே இல்லை.

மாடிக்குப் போய்த் தொட்டி மூடியைத் திறந்தோம். மேடம் கையுறை போட்டுக்கொண்டு உள்சுவரைத் தடவினார். விரலோடு கொழகொழவென்று நூல்நூலாக வந்தது. கிருமியைக் கொல்ல வைத்திருந்த விளக்கு உள்ளே எரியவே இல்லை. வெளியே பலகையில் மட்டும் அது எரிவதாகக் காட்டும் சின்னப் பச்சைப் பொட்டு பளிச்சென்று இருந்தது. தினமும் அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் சரி என்று விட்டிருக்கிறார்கள்.

ஜி.எம். மாடிக்கே வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். "தண்ணி அசிங்கம், ஒத்துக்கறேன். ஆனா நீங்க அவிக்கிறீங்களே மேடம். எல்லாம் செத்துப்போகுது, ரிப்போர்ட்டும் அதையேதான் சொல்லுது. செத்துப்போன கிருமி செடிய என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. செடிதான் பண்ணுது" என்றார் மேடம். "நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம். காட்டுதேன்."

பிறகு அவர் செய்ததை வரிசை மாறாமல் எழுதுகிறேன். என் வேலைக்காலத்தில் இதைப்போல் ஒன்றை நான் பார்த்ததில்லை.

தொட்டிச் சளியிலிருந்து பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்தோம். அதை வழித்துச் சுத்தமான தண்ணீரில் கலக்கி, ஆட்டோகிளேவில் அவித்துக் கொன்றோம். உயிர் இல்லை என்று மறுபடி தேய்த்துப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். பழைய கட்டடத்தின் நல்ல தண்ணீரில் மூன்று வரிசை மீடியா. முதல் வரிசையில் எதுவும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் நல்ல தண்ணீரையே இன்னும் கொஞ்சம். மூன்றாவதில் செத்த பாக்டீரியாத் தண்ணீர் சில சொட்டு. பாட்டில் அடியில் ஒட்டிய எண் எதற்கு உரியது என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை. "தெரிஞ்சா உங்க கண்ணு பொய் சொல்லும்" என்றார்.

வேர் வருவதற்குக் காத்திருந்த நாட்களில் இன்னொன்றும் செய்தார். வாழை இலையிலிருந்து சின்னச் சின்ன வட்டங்களாக வெட்டி, சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டு, மறுநாள்வரை தொடாமல் வைத்தார். ஏன் காத்திருக்கிறோம் என்று கேட்டேன்.

"வெட்டின காயத்துக்கே இலை கொதிச்சுப்போயி இருக்கும். அது அடங்கட்டும். இல்லைன்னா எதுக்குக் கொதிக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் ஜி.எம்.மையும் அழைத்து உட்கார வைத்தார். பாதி வட்டங்களை நல்ல தண்ணீரிலும், பாதியைச் செத்த பாக்டீரியாத் தண்ணீரிலும் போட்டார். இலைக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு சுரந்தால் பழுப்பாகும் ஒரு சாயத்தை இரண்டிலும் சேர்த்தார். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே பெராக்சைடுதான். கடைசியில் வட்டங்களைச் சூடான ஆல்கஹாலில் போட்டுப் பச்சையை நீக்கினார். வெளுத்த வட்டங்களை வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பினார்.

நல்ல தண்ணீரில் இருந்தவை காகிதம்போல வெளுத்திருந்தன. மற்றவை காய்ந்த ரத்தக் கறைபோல முழுக்கப் பழுப்பு.

ஜி.எம். நாற்காலியிலிருந்து எழுந்து தட்டின்மேல் குனிந்தார். "இது செத்த கிருமிக்கா?"

"செத்ததுக்குத்தான்" என்றார் மேடம். "பாக்டீரியாவுக்கு நீந்துறதுக்கு ஒரு வால் உண்டு சார். அந்த வால்ல ஒரு சின்னத் துண்டு ரொம்ப விதமான பாக்டீரியாவுல ஏறக்குறைய ஒண்ணுபோல இருக்கும். அத மாத்திக்கிட்டா அதால நீந்த முடியாது. செடி அந்தத் துண்டத்தான் அடையாளமா பிடிச்சு வச்சிருக்கு. ஒவ்வொரு செல்லு மேலயும் அத உணர்றதுக்குன்னே ஒரு ஏற்பி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். அவிச்சா பாக்டீரியா சாகும், அந்தத் துண்டு சாகாது. அது வந்து தொட்டவுடனே, எதிரி வந்துட்டான்னு செல்லு பெராக்சைடக் கொட்டுது, சுவரத் தடிமனாக்குது, வளர்ச்சிய நிறுத்திருது. நம்ம உடம்புலன்னா ரத்தத்துல காவல் சுத்தி வரும். செடிக்கு ரத்தம் ஏது? ஒவ்வொரு செல்லும் தன்னத்தானே காப்பாத்திக்கிடணும். சண்டைக்கு நிக்கிற வேரு எப்படி சார் வளரும்?"

இத்தனை வருஷம் கண்ணாடிக்குள் நின்ற அந்தப் பச்சைக் கன்றுகளை நான் சும்மா நிற்கிற பொருளாகத்தான் பார்த்திருக்கிறேன். நாங்கள் கிருமியே இல்லை என்று கையெழுத்துப் போட்ட பாட்டிலுக்குள், அவை வராத எதிரியோடு இரவும் பகலும் மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கின்றன.

மூன்று வரிசை பாட்டில்களின் முடிவும் வந்தது. நான் வேர் இல்லாதவற்றைத் தனியே பிரித்து வைத்தேன். மேடம் அடியில் இருந்த எண்களைப் பார்த்தார். நான் ஒதுக்கியவை எல்லாமே செத்த பாக்டீரியா சேர்த்தவை.

ஜி.எம். ஸ்டெல்லாவுக்கு ஆபீசிலிருந்து போன் போடச் சொன்னார். "ஊரு பாக்கப் பையக் கொட்டினீங்க. மன்னிப்ப மட்டும் போன்லயா கேப்பீங்க?" என்றார் மேடம். அவர் குரல் அன்றைக்குப்போலத் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

மூன்று பேரும் வடக்குப்பட்டுக்குப் போனோம். ஸ்டெல்லா வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து வந்தான். ஜி.எம். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்: "தப்பு எங்களோடது. தொட்டித் தண்ணி கெட்டுப்போயிருந்துச்சு. உன்மேல சந்தேகப்பட்டது தப்பு. மன்னிச்சிடும்மா."

ஸ்டெல்லா அவரைப் பார்க்கவில்லை. மேடத்திடம் கேட்டாள். "எப்டி மேடம் கண்டுபுடிச்சீங்க?"

மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். இலை வட்டங்கள் பழுப்பானதைக் கேட்டதும் ஸ்டெல்லா கையிலிருந்த ஈரத் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் காலில் சொட்டியது.

"அந்த இலைக்கு வாய் இல்ல. அது சொன்னத கண்டுபுடிக்க இவ்ளோ பாடுபட்டுகிறீங்க" என்றாள். "எனக்கு வாய் இருந்துச்சு சார். நான் எதுவும் கலக்கலன்னு சொன்னேனே. ஏன் சார் கேக்கல?"

ஜி.எம். காருக்குத் திரும்பும்வரை தலை நிமிரவே இல்லை.

ஸ்டெல்லா வேலைக்குத் திரும்பினாள். தொட்டியை மாற்றினார்கள். நின்றுபோன கன்றுகளை அவித்துக் கொட்டச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அவள் விடவில்லை. "எம்பேர்ல கெட்டுச்சுன்னு சொன்ன கன்னுங்க. நானே பாத்துக்கிறேன்" என்றாள். பழுப்பான அடியை வெட்டியெடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் காய்ச்சிய மீடியாவில் ஒவ்வொன்றாக மாற்றி நட்டாள். நிறைய கன்றுகள் பிழைக்கவில்லை. பிழைத்தவை முதலில் அசையாமல் நின்றன. பிறகு ஒரு காலையில் பாட்டிலின் அடியைப் பார்த்தேன். வெள்ளையாக, வரிசை வரிசையாக வேர். எதிரியின் வாடை போனதும் சண்டையை விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து வளரத் தொடங்கியிருந்தன. அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாலையில் இருவரும் கேட்டை நோக்கி நடந்தோம். "வேர் வுட்டுச்சு பாத்தியா ஸ்டெல்லா" என்றேன்.

"பாத்தேன்க்கா. அதுங்க தேறிடுச்சு" என்றாள். பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். "எனக்குத்தான்க்கா, கேட்டாண்ட வந்தாலே இன்னும் கை நடுங்குது."

இத்தனை நாளும் தினம் அவளோடு வாசல்வரை நடந்து வந்திருக்கிறேன். சூப்பர்வைசர்களுக்குப் பை சோதனை கிடையாது என்பதால் பக்கத்து வழியில் நேராக வெளியே போய்விடுவேன். அன்று போகவில்லை. அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றேன். செக்யூரிட்டி திகைத்துப்போய், "நீங்க போங்க மேடம்" என்றார். என் பையை மேசையில் வைத்து நானே திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்து வெளியே வைத்தேன்.

ஓய்வு பெறும்வரை தினமும் அப்படித்தான் செய்தேன். கடைசி நாளில் சால்வையும் மாலையுமாக வந்தபோதுகூட, "இன்னிக்குமா மேடம்?" என்று செக்யூரிட்டி கேட்டார்.

"திறந்து பாருப்பா" என்றேன். எனக்குப் பின்னால் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள்.